வைஃபை கோடு முழுசா நிக்குது, நெட் மட்டும் வரலை: கோளாறு எந்த இடத்துல?

நீடாமங்கலம் மில் | 3 அக்டோபர் 2024, காலை 10:12

வைஃபை வேற, நெட் வேறன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. என்னைக் கேட்டா ரெண்டும் ஒண்ணுதான். கோடு நாலும் நின்னா நெட் வரணும். வரலைன்னா லைன் குடுத்தவங்கதான் பொறுப்பு.

இடம் இதுதான். ரைஸ் மில். ஆபீஸ்ல ஃபைபர் பெட்டி, மூணு பில்லிங் கம்ப்யூட்டர், கேமரா பதிவுப் பெட்டி. அங்கேருந்து எடைமேடை 130 மீட்டர். அங்கே ஒரு கம்ப்யூட்டர், ரெண்டு கேமரா, வைஃபைக்குன்னு ஒரு சின்ன ரவுட்டர். குடோன்ல நாலு கேமரா. எடைமேடைல பில் ஒரு நாள் ஏறுது, ஒரு நாள் ஏறலை. அங்கே உள்ள கேமரா ரெண்டும் பகல்ல நல்லா ஓடுது, இருட்டினா போயிடுது. வர்ற ஆளுங்க மோடம், ரவுட்டர், ஸ்விட்ச், கேட்வே, டிஎன்எஸ்ஸுன்னு ஆளுக்கு ஒரு பேர் சொல்லி, ஆளுக்கு ஒரு பெட்டியை மாத்தச் சொல்றாங்க. எதை மாத்தணும்?

வெண்ணாற்றங்கரை | 3 அக்டோபர் 2024, காலை 10:55

இப்போதைக்கு ஒண்ணையும் மாத்தாதீங்க.

கோடு காட்டுறது ஒரே ஒரு விஷயம்: ரவுட்டரோட அலை உங்க போனுக்கு எவ்வளவு வலுவா வந்து சேருதுங்கறது. போன் அனுப்புறது ரவுட்டருக்குத் திரும்பிப் போய்ச் சேருதான்னுகூட அது சொல்லாது. போனின் அலைத்திறன் ரவுட்டரைவிடக் குறைவு, அதனால தூரத்தில் கேட்கும், பேச முடியாது. ரவுட்டருக்கு அந்தப் பக்கம் நடக்கிறதைப் பற்றிக் கோட்டுக்கு ஒண்ணும் தெரியாது. ‘இணையம் இல்லை’ன்னு ஆண்ட்ராய்டு எழுதுறது வேற சோதனை. வைஃபையில் சேர்ந்ததும் கூகுளின் ஒரு சின்ன முகவரியைத் தட்டிப் பார்க்கும். பதில் வராட்டி அப்படி எழுதும்.

உங்க எடைமேடை கம்ப்யூட்டர்லேர்ந்து வெளியே போற பாதை இது: கம்ப்யூட்டர், கேபிள், ஸ்விட்ச் (பல கேபிளை ஒண்ணாச் சேர்க்கிற பெட்டி), ரவுட்டர், ஃபைபர் பெட்டி (மோடம்னு சொல்றது இதைத்தான்), கம்பெனி, அப்புறம் உலகம். நீங்க கேட்ட பேரெல்லாம் இந்தப் பாதையில் ஒவ்வொரு இடத்துல நிக்கிறவை. அதனால பேரை மனப்பாடம் பண்ண வேண்டாம், பாதையில நடந்து போங்க. விண்டோஸ்ல கறுப்புத் திரையைத் திறந்து (கமாண்ட் ப்ராம்ப்ட்), ஐபிகான்ஃபிக் அடிங்க.

முதல்ல ஐபி முகவரி. அது 169.254-ல ஆரம்பிச்சா, கம்ப்யூட்டர் முகவரி கேட்டுக் கத்தியிருக்கு, யாரும் தரலை, தானா ஒண்ணு வைச்சுக்கிட்டிருக்கு. முகவரி தர்ற வேலைக்குத்தான் டிஎச்சிபின்னு பேர். சின்ன இடங்கள்ல அதை ரவுட்டரே பார்த்துக்கும். 169.254 வந்தா கேபிள், ஸ்விட்ச், டிஎச்சிபி, இந்த மூணுக்குள்ளதான் கோளாறு. லைன் கம்பெனிக்குப் போன் போடறது வீண்.

192.168-ல ஆரம்பிக்கிற முகவரி வந்துட்டா, அதே திரையில ‘டீஃபால்ட் கேட்வே’ன்னு ஒரு எண் இருக்கும். அது உங்க ரவுட்டர். ‘பிங்’ (‘இருக்கியா’ன்னு தட்டிக் கேக்கற கட்டளை) அடிச்சு ஒரு இடைவெளி விட்டு அந்த எண்ணை அடிங்க. பதில் 1, 2 மில்லிசெகண்டில் வரணும். கேபிள் வழியா 1-க்குக் கீழேயே இருக்கும். 40, 200, 3-ன்னு தாறுமாறா வந்தா உள்ளேயே தகராறு, பெரும்பாலும் வைஃபை.

அதுவும் சரின்னா பிங் 8.8.8.8. இது கூகுளின் டிஎன்எஸ் சர்வர்; டிஎன்எஸ்னா தளத்தின் பேரை எண்ணா மாத்தித் தர்ற வேலை. இதுக்குப் பதில் வந்தா வெளி உலகத்துக்கு வழி திறந்திருக்கு. கடைசியா எண்ணுக்குப் பதிலா ஏதாவது ஒரு தளத்தின் பேரைப் போட்டு பிங் அடிங்க. எண்ணுக்குப் பதில் வந்து பேருக்கு வரலைன்னா டிஎன்எஸ் மட்டும்தான் படுத்திருக்கு. ரவுட்டர்ல டிஎன்எஸ் இடத்துல 1.1.1.1, 8.8.8.8 ரெண்டையும் எழுதிட்டா முடிஞ்சது.

நாலு சோதனை. எது முதல்ல தோக்குதுன்னு சொல்லுங்க.

ஃபைபர் சித்தப்பா | 3 அக்டோபர் 2024, பகல் 1:20

சாப்பிட வந்த இடத்துல பார்த்தேன். வெண்ணாற்றங்கரை ஃபைபர் பெட்டியைத் தாண்டிக் குதிச்சுட்டாரு. அதுக்கு முகத்துலயே ஜாதகம் எழுதியிருக்கு.

‘லாஸ்’னு சிவப்பு மினுக்கினா ஒளியே வரலை. வயர் அறுந்திருக்கு, மடங்கியிருக்கு, இல்லாட்டி எலி. அறுவடை சமயத்துல எலிக்கு நெல்லைவிட ட்ராப் கேபிள்தான் (கம்பத்துலேர்ந்து கட்டடத்துக்கு வர்ற ஃபைபர் வயர்) ருசி. ‘பான்’ பச்சை மினுக்கிக்கிட்டே இருந்தா ஒளி வருது, ஆனா கம்பெனி மெஷினோட கைகுலுக்கல் முடியலை. பான் நிலையா நிக்குது, ‘இன்டர்நெட்’ விளக்கு மட்டும் எரியலைன்னா வயர் நல்லாருக்கு. யூசர் பேர், பாஸ்வேர்டு, கட்டாத பில், இந்த மூணுல ஒண்ணு.

பெட்டியோட பக்கத்துக்குள்ள போனா ‘ஆர்எக்ஸ் பவர்’னு ஒரு மைனஸ் எண் இருக்கும். டிபிஎம் கணக்கு. மைனஸ் 15-லேர்ந்து மைனஸ் 24 வரை நிம்மதி. மைனஸ் 27 கரை. அதைத் தாண்டினா மழை நாள்ல வரும் போகும். 3 குறைஞ்சா ஒளி பாதி ஆயிடுச்சுன்னு அர்த்தம், அதனால மைனஸ் 22 மைனஸ் 25 ஆனா ‘கொஞ்சம்தானே’ன்னு விடாதீங்க. நல்லா இருக்கிற இன்னைக்கே அந்த எண்ணைப் பெட்டி மேல மார்க்கர்ல எழுதி வைங்க. பின்னாடி கம்பெனி ஆளோட பேச அதுதான் சாட்சி.

பச்சை முனையும் நீல முனையும் ஒண்ணோட ஒண்ணு சொருகாதீங்க. பச்சை 8 டிகிரி சாய்வா தேய்ச்சது, நீலம் அப்படி இல்லை. உள்ள காத்து இடைவெளி விழுந்து ஒளி கொட்டிப்போகும். சொருகினா உள்ள போகும், அதுதான் வம்பு.

நீடாமங்கலம் மில் | 3 அக்டோபர் 2024, மாலை 6:41

விளக்கெல்லாம் பச்சை. ஆர்எக்ஸ் மைனஸ் 19.8. எழுதி வச்சாச்சு சித்தப்பா.

ஆபீஸ் கம்ப்யூட்டர் மூணும் 192.168.1-ல இருக்கு, நாலு சோதனையும் பாஸ். எடைமேடை கம்ப்யூட்டர் காலைல 192.168.1.104. பில் ஏறிச்சு. சாயங்காலம் அதே கம்ப்யூட்டர் 192.168.0.102. கேட்வே 192.168.0.1. அதுக்குப் பிங் வருது. 8.8.8.8-க்கு வரலை. யாரும் எதையும் தொடலைங்க.

திருவையாறு 24 போர்ட் | 3 அக்டோபர் 2024, இரவு 8:03

ரெண்டு பேர் முகவரி குடுக்கிறாங்க. கேஸ் முடிஞ்சது.

கம்ப்யூட்டர் எழுந்ததும் ‘யாராவது முகவரி தாங்க’ன்னு பொதுவாக் கத்தும். ஸ்விட்ச்சில் இருக்கிற எல்லாருக்கும் அது கேட்கும். ஆபீஸ் ரவுட்டரும் பதில் சொல்லும், எடைமேடையில் இருக்கிற சின்ன ரவுட்டரும் சொல்லும். முதல்ல வர்ற பதிலை அது எடுத்துக்கும். சின்ன ரவுட்டர் முந்தினா 192.168.0, அதுக்கு வெளியே வழி கிடையாது. அதான் ஒரு நாள் ஓடுது, ஒரு நாள் ஓடலை.

உறுதிப்படுத்த: ஐபிகான்ஃபிக் அடிச்சு, இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ‘ஆல்’ சேர்த்து அடிங்க. ‘டிஎச்சிபி சர்வர்’னு ஒரு வரி வரும். முகவரி குடுத்தவர் எண் அது. அந்த எண்ணை பிரவுசர்ல போட்டா அவரோட வாசல் திறக்கும்.

சரிசெய்யும் வரிசை முக்கியம். லேப்டாப்பை சின்ன ரவுட்டரோடு தனியாக் கேபிள்ல மாட்டுங்க, மத்த கேபிளெல்லாம் கழட்டிடுங்க. 192.168.0.1-க்குள்ள போய் முதல்ல லேன் ஐபியை, அதாவது அதோட உள்பக்க முகவரியை, 192.168.1.2-ன்னு மாத்துங்க. அது ஒரு தடவை அணைஞ்சு எழும். இப்ப 192.168.1.2-க்குப் போய், கடைசியா டிஎச்சிபியை அணைங்க. வரிசையைத் தலைகீழாப் பண்ணினா, டிஎச்சிபி அணைஞ்சதும் லேப்டாப்புக்கு முகவரி போயிடும், உள்ளே நுழைய முடியாம நிப்பீங்க. அப்புறம் லேப்டாப்புக்குக் கையால முகவரி எழுதணும்.

ஆபீஸ்லேர்ந்து வர்ற கேபிளை அதோட லேன் ஓட்டையில் மாட்டுங்க, வெளி லைனுக்கான வேன் ஓட்டையில் (பெரும்பாலும் நீலம்) வேண்டாம். ‘ஆக்ஸஸ் பாயின்ட்’னு (முகவரி தராம வைஃபை மட்டும் பரப்புறது) ஒரு மோடு இருந்தா அதைத் தேர்ந்தெடுத்தாலே இதெல்லாம் தானா நடக்கும்.

வெண்ணாற்றங்கரை | 3 அக்டோபர் 2024, இரவு 8:30

வேன் ஓட்டையில் மாட்டினா என்ன ஆகும்னு அடுத்து யாராவது கேப்பாங்க. நெட் வரும். ஆனா சின்ன ரவுட்டருக்குப் பின்னாடி தனி வீடு ஆயிடும். எடைமேடை கம்ப்யூட்டர் ஆபீஸ் பிரிண்டருக்கு அனுப்ப முடியலாம். ஆபீஸ் பதிவுப் பெட்டி எடைமேடை கேமராவைத் தேடினா கிடைக்காது. உள்ளேயிருந்து வெளியே போகலாம், வெளியேயிருந்து உள்ளே கூப்பிட முடியாது. நேட்டுங்கற முகவரி மாற்றம் (உள் முகவரியை வெளி முகவரியா மாத்தறது) ரெண்டு தடவை நடக்கும். வெறும் யூடியூப் பார்க்கிற வீட்டுக்கு அதனால குறையில்லை. கேமரா இருக்கிற இடத்துல தலைவலி.

இன்னொண்ணு. ஆபீஸ் ரவுட்டர்ல டிஎச்சிபி தர்ற வரம்பை 192.168.1.100-லேர்ந்து 199-னு சுருக்குங்க. கேமரா, பதிவுப் பெட்டி, பிரிண்டர் இதுக்கெல்லாம் 10-லேர்ந்து 50-க்குள்ள நிலையான எண். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதக் கூடாது.

மாயவரம் மூணாம் வருஷம் | 4 அக்டோபர் 2024, காலை 7:15

அண்ணா, நடுவுல வர்றதுக்கு மன்னிக்கவும். பரீட்சைக்கு ரெண்டு சந்தேகம். சாய்கோடு 24-னா 254 பேர்னு சொல்றாங்க, 256 ஏன் இல்ல? அப்புறம் ரவுட்டர்னா என்னன்னு கேட்டா ‘கல்லணை மாதிரி’ன்னு எழுதலாமா? தண்ணியை நாலாப் பிரிச்சு விடுதில்லையா.

திருவையாறு 24 போர்ட் | 4 அக்டோபர் 2024, காலை 9:40

முதல் கேள்வி. ஐபி முகவரி 32 பிட். சாய்கோடு 24-னா முன்னாடி 24 பிட் தெருவோட பேர், மிச்சம் 8 பிட் வீட்டு எண். 8 பிட்டில் 256 எண் வரும். முதல் எண் தெருவுக்கே பேரு, கடைசி எண் தெரு முழுக்கக் கூவுறதுக்கு. ரெண்டையும் எந்த மெஷினுக்கும் தர முடியாது. மிச்சம் 254.

பரீட்சையில சாய்கோடு 26 கேப்பாங்க. மாஸ்க் (தெருப் பேர் எதுவரைன்னு காட்டுற எண்) 255.255.255.192. 64, 64-ஆத் துண்டாகும்: 0, 64, 128, 192-ல ஆரம்பிக்கும். 192.168.1.70 எந்தத் துண்டு? 64-ல ஆரம்பிக்கிறது. தெருப் பேர் 64, கூவுற எண் 127, நடுவுல 65-லேர்ந்து 126 வரை 62 பேர். 256-லேர்ந்து மாஸ்க்கோட கடைசி எண்ணைக் கழிச்சா துண்டோட அளவு வந்துடும், 256 கழித்தல் 192, 64. இது ஒண்ணு போதும்.

வெண்ணாற்றங்கரை | 4 அக்டோபர் 2024, காலை 11:02

கல்லணை பாதி சரி, பாதி தப்பு, அதனால எழுதினா மார்க்கும் பாதிதான் வரும்.

காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு நாலு வழி இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா தண்ணிக்கு முகவரி கிடையாது. எந்த ஷட்டரை எவ்வளவு தூக்குறோமோ அவ்வளவு போகும். ரவுட்டர் அளவைப் பார்த்துப் பிரிக்கிறதில்லை. ஒவ்வொரு டேட்டாப் பொட்டலத்தின் நெத்தியிலயும் போக வேண்டிய முகவரி இருக்கு. தன்கிட்ட உள்ள பட்டியல்ல அதுக்கு ரொம்ப நெருக்கமாப் பொருந்துற வரியைத் தேடி அந்தப் பக்கம் தள்ளும்.

ஒரே ஒரு இடத்துல பொருந்தும். மூணு வழிக்கும் தேவையானது போக, மிஞ்சினதெல்லாம் கொள்ளிடத்துக்கு. ரவுட்டர் பட்டியல்லயும் கடைசியா 0.0.0.0-ன்னு ஒரு வரி இருக்கும், எதுலயும் பொருந்தாததெல்லாம் அந்த வழியாப் போகும். டீஃபால்ட் கேட்வேங்கறது அதுதான்.

ஃபைபர் சித்தப்பா | 4 அக்டோபர் 2024, பகல் 12:10

ஒரு திருத்தம். ரவுட்டர் கடைமடைக்கும் ஒழுங்கா அனுப்பும்.

நீடாமங்கலம் மில் | 5 அக்டோபர் 2024, காலை 9:05

திருவையாறு சொன்ன வரிசையில் செஞ்சாச்சு. எடைமேடை கம்ப்யூட்டர் இப்ப 192.168.1-லயே நிக்குது. பில் ஏறுது. நன்றி சொன்னா கோவிச்சுப்பீங்க, அதனால அடுத்த கேள்வி. கேமரா ராத்திரி இன்னும் சாகுது. கேபிள் 130 மீட்டர், நடுவுல ஒரு ஜாயின்ட் போட்டிருக்காங்க. கேமராவுக்கு கரண்டும் அதே கேபிள்லதான் போகுது, ஆபீஸ்ல ஒரு 12 வோல்ட் அடாப்டர்லேர்ந்து.

வெண்ணாற்றங்கரை | 5 அக்டோபர் 2024, காலை 10:20

இதுலதான் விஷயம் நிறைய இருக்கு.

செம்புக் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். சுவருக்குள்ள 90, ரெண்டு பக்கமும் பேட்ச் கேபிள் சேர்த்து 10. 130-லயும் சில சமயம் ஓடும், அதான் ஏமாத்தும். ஓடுறப்பவே பிழை விழுந்துக்கிட்டிருக்கும், மோட்டார் ஓடினா, வெயில் ஏறினா, அறுந்து அறுந்து வரும். நடுவுல உள்ள ஜாயின்ட், அதாவது கப்ளர், தூரத்தைக் கூட்டித் தராது. ஸ்விட்ச் வச்சாத்தான் அங்கேருந்து புதுசா 100 மீட்டர் கணக்கு தொடங்கும். கப்ளர்ல மழைத் தண்ணி இறங்கினா செம்பு பச்சை பூத்துடும், அதோட கதை முடிஞ்சது.

ராத்திரிச் சாவுக்குக் காரணம் கரண்டு. இருட்டினதும் கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குகள் எரியும், மின்தேவை ஏறும். 6 வாட்டுன்னு வைங்க. 12 வோல்ட்டில் அது அரை ஆம்பியர். நல்ல செம்புக் கேபிளா இருந்து, ரெண்டு ஜோடி கம்பியில் கரண்டு போனா, போக வர 100 மீட்டருக்கு மின்தடை 12.5 ஓம் வரை போகலாம்னுதான் கணக்கு வைக்கணும். அரை ஆம்பியர் பெருக்கல் 12.5, 6 வோல்ட்டுக்கு மேல வழியிலேயே கரைஞ்சுடும். கேமராவுக்கு வர்றது 6-க்கும் கீழே. அது எழும், விழும், எழும், விழும். உங்களுது 130 மீட்டர், இன்னும் மோசம்.

அதே 6 வாட்டை 48 வோல்ட்டில் அனுப்பினா 0.125 ஆம்பியர் போதும். இழப்பு 1.6 வோல்ட். கேமராவுக்கு அது தெரியவே தெரியாது. நிஜமான பிஓஇ (நெட் கேபிள்லயே கரண்டையும் அனுப்புற முறை) 48 வோல்ட்டில் ஓடறது இதுக்காகத்தான். 802.3ஏஎஃப்னு எழுதியிருக்கற ஸ்விட்ச் ஒரு ஓட்டைக்கு 15.4 வாட் தரும், கேமரா முனையில் 12.95 உறுதி. 802.3ஏடின்னா 30, முனையில் 25.5. சந்தையில் ‘பிஓஇ கிட்’டுன்னு 12 வோல்ட் அடாப்டர் சொருகுற ஜோடி முனை விக்கிறாங்க, அதுவும் பிஓஇதான்னு சொல்லுவாங்க. 20, 30 மீட்டருக்கு மேல அதை நம்பாதீங்க.

திருவையாறு 24 போர்ட் | 5 அக்டோபர் 2024, காலை 10:48

கணக்கு சரி, ஆனா நிலவரம் இன்னும் மோசமா இருக்கும். வோல்ட் குறைஞ்சா கேமராவுக்குள்ள இருக்கிற மாற்றி அதே வாட்டுக்காகக் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், அதனால இழப்பு இன்னும் ஏறும், வோல்ட் இன்னும் சரியும். அந்த 6 பக்கத்துலகூட நிக்காது, மொத்தமா உக்காந்துடும்.

அந்தக் கேபிள் செம்புதானான்னும் பாருங்க. விலை மலிவா வந்திருந்தா சிசிஏ: அலுமினியம், மேல செம்புப் பூச்சு. கத்தியால கம்பியைச் சுரண்டினா உள்ள வெள்ளையாத் தெரியும். மின்தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, ரெண்டு தடவை மடக்கினா ஒடியும். மூட்டையைத் தூக்கிப் பார்த்தாலே இலேசா இருக்கும். பிஓஇக்கு அதைப் போடவே கூடாது.

ஃபைபர் சித்தப்பா | 5 அக்டோபர் 2024, பகல் 1:35

எதுக்கு இத்தனை ஓம் கணக்கு? ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல செம்பே போடாதீங்க. ஐப்பசி மழை வருது. பக்கத்துல இடி இறங்கினா ஆபீஸ் எர்த்தும் எடைமேடை எர்த்தும் ஒரே நிலையில இருக்காது. நடுவுல உள்ள கேபிள் வழியாத்தான் அது சமன் ஆகும். ஸ்விட்ச், ரவுட்டர், பதிவுப் பெட்டி எல்லாம் ஒரே நேரத்துல சொர்க்கம்.

ஃபைபர் போடுங்க. சிங்கிள் மோட், ஒரே இழை போதும். ரெண்டு முனையிலும் ஜிகாபிட் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரை நெட் கேபிளா மாத்தற பெட்டி). ஜோடியா வாங்கணும்: ‘ஏ’ 1310 நானோமீட்டர் ஒளியில அனுப்பி 1550-ல வாங்கும், ‘பி’ அதுக்குத் தலைகீழ். ரெண்டு ‘ஏ’ வாங்கி மாட்டிட்டு விளக்கு எரியலைன்னு வராதீங்க. 20 கிலோமீட்டர்னு எழுதினது 150 மீட்டருக்கும் ஒத்துப்போகும். 80 கிலோமீட்டர் மாடல் வாங்கினா ஒளி அளவுக்கு மீறிப்போய் எதிர்முனை குருடாகும்.

ட்ராப் கேபிள்ல தாங்கு கம்பி எஃகா இருந்தா கட்டடத்துக்குள்ள கொண்டுபோகாதீங்க, வாசல்லயே வெட்டிடுங்க. இல்லாட்டி இடிக்கு நாமளே பாலம் கட்டின மாதிரி ஆயிடும். உலோகமே இல்லாத எஃப்ஆர்பி வகை கிடைக்குது, அதையே கேளுங்க. மூலையில வளைக்கிறப்ப ஜி.657 ஏ1 இழைன்னா 10 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே போகாதீங்க. ஆணியில சுத்தி ‘ஸ்மார்ட்டா’ முடிச்சுப் போடுற பழக்கத்தை விடுங்க.

எடைமேடையில ஒரு 4 ஓட்டை பிஓஇ ஸ்விட்ச். அங்கேயே கரண்டு எடுத்துக்கலாம். கேமராவுக்குக் கேபிள் 10 மீட்டர்தான் ஆகும், ஓம் கணக்கே வேண்டாம்.

வேதாரண்யம் உப்பளம் | 5 அக்டோபர் 2024, இரவு 9:17

130 மீட்டருக்கு ஃபைபர்தான். ஆனா நடுவுல ஆறோ அடுத்தவங்க வயலோ இருந்தா வயர்லெஸ் பிரிட்ஜ். ரெண்டு சின்ன ஆன்டெனா, நேருக்கு நேர்.

கண்ணுக்குத் தெரிஞ்சா போதும்னு நினைக்கறாங்க, போதாது. அலை நூல் மாதிரிப் போறதில்லை, நடுவுல உப்பி இருக்கும். 5.8 கிகாஹெர்ட்ஸ்ல 1 கிலோமீட்டர் தூரத்துக்கு நடுமையத்தில் அந்த உப்பலின் ஆரம் 3.6 மீட்டர். அதுல 60 விழுக்காடு, அதாவது ரெண்டேகால் மீட்டர் போல, எதுவும் உரசாம இருக்கணும். 2 கிலோமீட்டர்னா ஆரம் 5 மீட்டர், வேண்டியது 3. நம்ம பக்கம் வில்லன் தென்னை ஓலை. இலைக்குள்ள உள்ள தண்ணி அலையைக் குடிக்கும், மழையில நனைஞ்சா இன்னும் குடிக்கும். 2018 நவம்பர் 16 கஜாவில் மரம் போய் வெட்டவெளியா இருந்தப்ப போட்ட லிங்க்கெல்லாம், மறுபடி வச்ச கன்னு ஓலை விரிச்சதும் இப்ப தள்ளாடுது. ஆன்டெனா மாட்டுறப்ப இன்னிக்கு உள்ள மரத்தைப் பார்க்காதீங்க, அஞ்சு வருஷம் கழிச்சு உள்ள மரத்தைப் பாருங்க.

கடற்கரைப் பக்கம்னா முனையெல்லாம் உப்புக்காத்துல அரிக்கும். கேபிள் கீழே ஒரு வளைவு தொங்கி அப்புறம் மேலேறி பெட்டிக்குள்ள போகணும். தண்ணி வளைவில் சொட்டிடும்.

வெண்ணாற்றங்கரை | 6 அக்டோபர் 2024, காலை 8:50

முதல் நாள் நாலு சோதனை எழுதினேனே, அதுக்கு ஒரு பின்குறிப்பு. பிங் வரலைன்னா எதிர்ல உள்ளவர் செத்துட்டாருன்னு அர்த்தமில்லை. சில ரவுட்டர், விண்டோஸ் ஃபயர்வால் எல்லாம் பிங்கை வேணும்னே காதுல வாங்காது. அப்ப ‘ஆர்ப்’ பட்டியலைப் பாருங்க: ‘ஆர்ப்’ அடிச்சு இடைவெளி, ஒரு கோடு, ‘ஏ’. கேட்வே எண்ணுக்கு நேரா 12 இலக்க மேக் முகவரி (அந்தப் பெட்டிக்குன்னே உள்ள எண்) வந்திருந்தா அவர் இருக்கார், பேசத்தான் மாட்டேங்கறார்.

அதே மாதிரி 8.8.8.8 வருது, பேரும் வருது, ஆனா சில தளம் மட்டும் பாதியில தொங்குது. இது ஒரு தனிச் சாதி. பிபிபிஓஇ லைன்ல (யூசர் பேர், பாஸ்வேர்டு போட்டு நுழையற லைன்) ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 8 பைட் தலைச்சுமை கூடும். அதனால 1500-க்குப் பதில் 1492. ரவுட்டர்ல எம்டியூ (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) 1500-னு யாராவது கையால எழுதியிருந்தா பெரிய பொட்டலம் வழியில தொலையும், சின்னது போகும். 1492 ஆக்குங்க.

கும்பகோணம் மண்டபம் | 6 அக்டோபர் 2024, பகல் 3:30

எங்க கேஸ் வேற. கல்யாண மண்டபம். காலை முகூர்த்தக் கூட்டத்துக்கு வைஃபை நல்லா வருது. சாயங்காலம் ரிசப்ஷனுக்கு வர்றவங்களுக்கு ‘ஐபி முகவரி பெறுகிறது’ன்னே சுத்துது.

திருவையாறு 24 போர்ட் | 6 அக்டோபர் 2024, மாலை 4:02

காலையில வந்தவங்க முகவரியை எடுத்துக்கிட்டு ஊருக்குப் போயிட்டாங்க. டிஎச்சிபி குத்தகை 24 மணி நேரம்னு இருக்கும், அதுவரை அந்த எண் அவங்க பேர்லதான். குத்தகையை 1 மணி நேரமாக் குறைங்க. விருந்தினருக்கு 10.10.0.0 சாய்கோடு 22 தனியாக் குடுத்தா 1022 எண் கிடைக்கும். பில்லிங் கம்ப்யூட்டர் இருக்கிற பக்கத்துக்கு விருந்தினர் வரக் கூடாது, கெஸ்ட் நெட்வொர்க்கைத் தனியாப் பிரிங்க.

ஆனா எண் குடுத்துட்டா மட்டும் போதாது. ஒரே ரவுட்டர்ல 300 போன் தொங்கினா காத்துல இடம் இருக்காது. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம நிக்கிறது சேனல் 1, 6, 11 மூணுதான். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ்ல வைங்க, 40 வேண்டாம். கூட்டம் உக்கார்ற இடத்துல 5 கிகாஹெர்ட்ஸ் பெட்டி மூணு நாலு.

நீடாமங்கலம் மில் | 9 அக்டோபர் 2024, இரவு 7:55

ஃபைபர் இழுக்க ஆள் சொல்லியாச்சு. அதுக்குள்ள இன்னொண்ணு. மச்சான் சிங்கப்பூர்லேர்ந்து கேமரா பார்க்கணுமாம். போர்ட் ஃபார்வர்டு (வெளியேருந்து வர்றதைப் பதிவுப் பெட்டிக்குத் திருப்பி விடறது) பண்ணினோம், உள்ளே வரவே இல்லை.

வெண்ணாற்றங்கரை | 9 அக்டோபர் 2024, இரவு 8:40

ரவுட்டரின் வேன் முகவரியைப் பாருங்க. 100.64-லேர்ந்து 100.127-க்குள்ள ஆரம்பிச்சா அது உங்க சொந்த வெளி முகவரி இல்லை. கம்பெனி பல வீட்டை ஒரே வெளி முகவரிக்குப் பின்னாடி வச்சிருக்கு. சிஜிநேட்டுன்னு பேர். அந்த வரம்பை 2012-ல இதுக்குன்னே ஒதுக்கினாங்க, ஏன்னா ஐபி நாலாம் பதிப்பில் எண்ணே மொத்தம் 430 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. நீங்க உங்க வீட்டு வாசலைத் திறந்து வச்சா என்ன, தெரு வாசல் கம்பெனி கையில.

வழி: கேமரா கம்பெனியின் க்யூஆர் ஆப், அல்லது மாசம் பணம் கட்டி நிலை ஐபி, அல்லது விபிஎன் (இணையத்துக்குள்ளேயே பூட்டின தனிப் பாதை). ஆறாம் பதிப்பு வந்தா நேரா முடியும், ஃபயர்வால்ல அனுமதி குடுக்கணும். நிலை ஐபி வாங்கினாலும் பதிவுப் பெட்டியை நேரா வெளியே திறந்து வைக்காதீங்க, விபிஎன் வழியே வரட்டும். பெட்டியோட வந்த பாஸ்வேர்டை மாத்தாம திறந்துவச்சா, மச்சானுக்கு முன்னாடி வேற யாராவது பார்ப்பாங்க.

ஃபைபர் சித்தப்பா | 9 அக்டோபர் 2024, இரவு 9:01

மச்சான் பார்க்கறதே போதுமான ஆபத்து.

நீடாமங்கலம் மில் | 21 நவம்பர் 2024, காலை 11:30

ஃபைபர் ஓடுது. ராத்திரி கேமரா நிக்குது. எடைமேடைல ஸ்பீடு பார்த்தேன், 100 எம்பி பிளான்ல ஃபைல் இறக்கினா 11, 12-னுதான் காட்டுது. ஆபீஸ்ல ஒரு கம்ப்யூட்டர்லேர்ந்து இன்னொண்ணுக்குக் காப்பி பண்ணினாலும் அதே 11.

திருவையாறு 24 போர்ட் | 21 நவம்பர் 2024, பகல் 12:15

முதலாவது சரியான வேகம். பிளான் மெகாபிட், ஃபைல் மெகாபைட். 8-ஆல வகுங்க, 100 வகுத்தல் 8, 12.5. தலைச்சுமை போக 11 சொச்சம்.

ரெண்டாவது சரியில்லை. ஆபீஸுக்குள்ள ஜிகாபிட்னா 110 கிட்ட வரணும். ஏதோ ஒரு கேபிள் 100-க்கு இறங்கியிருக்கு. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 நாலு கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேணும். நீலம், பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி முனையில் சரியா இறங்காட்டி சத்தமில்லாம 100-ல ஓடும். முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் பண்ணுங்க: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல பிரிக்காதீங்க. ஸ்விட்ச்சே பழைய 100 மாடலான்னும் அடியில் உள்ள லேபிளைப் பாருங்க.

மில்லுன்னா விசிறி இல்லாத ஸ்விட்ச் வாங்குங்க. உமித் தூசியை விசிறி உள்ளே இழுத்து ஒட்டவைக்கும். காலி ஓட்டைக்கு மூடி போடுங்க. மோட்டார் லைனோட ஒரே குழாயில் கேபிளை விடாதீங்க, 30 சென்டிமீட்டராவது தள்ளி, குறுக்கே போகணும்னா செங்குத்தா.

நீடாமங்கலம் மில் | 2 டிசம்பர் 2024, இரவு 8:20

கேபிள் முனைதான். இப்ப 108. அடுத்து மின்வெட்டு. ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் மினி யூபிஎஸ் வாங்கலாமா? 10,000-னு எழுதியிருக்கறது எத்தனை மணி தாங்கும்?

வெண்ணாற்றங்கரை | 2 டிசம்பர் 2024, இரவு 9:05

அந்த 10,000 மில்லி ஆம்பியர் மணி உள்ளே இருக்கிற 3.7 வோல்ட் செல்லுக்கு எழுதினது, 12 வோல்ட்டுக்கு இல்லை. 3.7-ஆல பெருக்கினா 37 வாட் மணி. மாற்றத்தில் போறது போக 31-னு வைங்க. ஃபைபர் பெட்டி 7 வாட், ரவுட்டர் 6 வாட், சேர்த்து 13. ரெண்டேகால் மணி நேரம் போல. எழுதினது நிஜமா இருந்தா.

வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு அடாப்டரையும் திருப்பிப் பாருங்க. 12 வோல்ட்டா 9-ஆ, ஆம்பியர் எவ்வளவு, நடு முள் பிளஸ்ஸா. 12-ஐ 9-க்குச் சொருகினா அன்னிக்கே முடிஞ்சது. எடைமேடை பிஓஇ ஸ்விட்ச் 48 வோல்ட், அதுக்கு இந்த மினி யூபிஎஸ் ஆகாது, கம்ப்யூட்டர் யூபிஎஸ்தான் வேணும்.

ஃபைபர் சித்தப்பா | 2 டிசம்பர் 2024, இரவு 9:32

கம்பெனி பக்கத்து மெஷினுக்கும் கரண்டு இருக்கணும்ல. உங்க லாஸ் விளக்கு மின்வெட்டுல சிவப்பாச்சுன்னா அவங்க பேட்டரி காலி. முதல் மின்வெட்டுலயே ஃபைபர் பெட்டியை ஒரு கம்ப்யூட்டர் யூபிஎஸ்ல மாட்டிப் பார்த்து வச்சுக்கிட்டு, யூபிஎஸ் வாங்குறதா வேண்டாமான்னு அப்புறம் முடிவு பண்ணுங்க.